நேட்டோ தலைவர்களுக்கு: உங்கள் பங்குக் காசு எங்கள் காணியிலிருந்து வரக் கூடாது

நேட்டோ என்ற படைக்கூட்டணியான வட அத்திலாந்திக் ஒப்பந்த அமைப்பின் 32 உறுப்பு நாடுகளின் தலைவர்களுக்கும், அவர்களுள் முதன்மையாக நான் வரி கட்டும் பிரித்தானியாவின் பிரதமருக்கும்,

2025 பெப்ரவரி 25ஆம் திகதி பிரித்தானியப் பிரதமர் நாடாளுமன்றத்தில் எழுந்து, 2027இல் பாதுகாப்புச் செலவு நாட்டின் மொத்த உற்பத்தியில் 2.5 சதவீதமாகும் என்றார். அப்போது அது 2.3 சதவீதம். பணம் எங்கிருந்து வரும் என்பதையும் அதே பேச்சில் சொன்னார். வெளிநாட்டு உதவி 0.5 சதவீதத்திலிருந்து 0.3 சதவீதமாகக் குறையும். இங்கே 0.2 கூடியது, அங்கே 0.2 குறைந்தது. மகிழ்ந்து எடுத்த முடிவல்ல என்றும் சொன்னார். அதை நான் நம்புகிறேன். மூன்று நாள் கழித்து, உதவித் துறைக்குப் பொறுப்பாக இருந்த அமைச்சர் அனலீஸ் டோட்ஸ் பதவி விலகினார். படைக்குக் கூடுதல் பணம் வேண்டும் என்பதை அவர் மறுக்கவில்லை. அந்தச் சுமை முழுவதையும் உதவிப் பணத்தின் தலையில் வைத்ததைத்தான் அவரால் ஏற்க முடியவில்லை.

நானும் அந்த இடத்தில்தான் நிற்கிறேன். அந்த ஆண்டு ஜூன் மாதம் நீங்கள் ஹேக் நகரில் கூடி, பாதுகாப்புச் செலவு 2035க்குள் 5 சதவீதம் என்று முடிவு செய்தீர்கள். 2.3இலிருந்து 2.5க்குப் போகவே இவ்வளவு எடுத்தீர்கள் என்றால், 5க்குப் போக இனி யாரிடம் எடுப்பீர்கள் என்ற கேள்வி அன்றிலிருந்து என்னை விடவில்லை. அதனால்தான் இந்த மடல்.

நான் லண்டனில் ஹரோவில் வசிக்கிறேன். ஒரு பாடசாலையின் கணக்குப் பிரிவில் வேலை. பிறந்தது பளையில். பளை, யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குள் நுழையும் ஏ9 வீதியில், தென்னந்தோப்புகளுக்குப் பெயர்போன ஊர். எங்கள் காணி அங்கிருந்து முகமாலைப் பக்கமாக இருந்தது. 2000ஆம் ஆண்டு ஆனையிறவுச் சண்டையோடு நாங்கள் அதை விட்டு ஓடினோம். அதன்பின் முகமாலை ஆண்டுக்கணக்கில் போர்முனையாக இருந்தது. இரண்டு தரப்பும் அங்கே மிதிவெடிகளைப் புதைத்தன. 2009இல் போர் முடிந்தபோது ஆட்கள் திரும்பிப் போகலாம் என்றார்கள். ஆனால் எங்கள் காணியின் வேலியில் மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகை தொங்கியது. போர் ஓய்ந்த பிறகும் அந்த மண்ணில் ஒரு தென்னம்பிள்ளை வைக்க எங்களால் முடியவில்லை.

நான் அதற்கு முன்பே கல்யாணமாகி இங்கே வந்துவிட்டேன். அக்கா அங்கேயே இருந்தா. 2009க்குப் பிறகு அத்தானைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. இரண்டு பிள்ளைகள். 2012இல் அக்கா கண்ணிவெடி அகற்றும் வேலைக்குச் சேர்ந்தா. அங்கே அந்த வேலையில் இருப்பவர்களில் நிறையப் பேர் அவவைப் போல வீட்டைத் தனியே சுமக்கிற பெண்கள்.

அந்த வேலை எப்படி நடக்கும் என்று உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். விடிய முன்னம் வாகனம் வரும். வெயில் ஏறுவதற்கு முன் கவசத்தையும் முகமூடியையும் போட்டுக்கொண்டு, கயிறு கட்டி ஒதுக்கிய ஒரு சிறு பாதையில் முழங்காலில் இருப்பார்கள். முதலில் புல்லையும் செடியையும் கத்தரிக்கோலால் வெட்டுவார்கள். பிறகு மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டுவார்கள். அவசரப்பட முடியாது. ஒரு ஆள் முழுநாளும் வேலை செய்தால் சில சதுர மீற்றர் நிலம் கிடைக்கும். 2017இல் எங்கள் காணியின் முன்பக்கத்தைத் துப்புரவாக்கிக் கையளித்தார்கள். அன்று அக்கா போனில் அழுதா. பின்பக்கம் இன்னும் பலகைக்குள்தான் இருக்கிறது.

அந்தச் சம்பளமும் கவசமும் கத்தரிக்கோலும் வெளிநாட்டு உதவிப் பணத்தில் வந்தவை. பிரித்தானியா, அமெரிக்கா, நோர்வே, கனடா என்று இந்த மேசையில் அமர்ந்திருக்கும் பல நாடுகள் அந்த மண்ணைச் சுத்தம் செய்யப் பணம் கொடுத்திருக்கின்றன. அதை நான் மறக்கவில்லை. நன்றியோடுதான் எழுதுகிறேன்.

2025 ஜனவரி கடைசியில் அமெரிக்கா தன் காசில் உலகெங்கும் நடந்த கண்ணிவெடி அகற்றும் பணிகளை நிறுத்தச் சொன்னது. அடுத்த மாதம் பிரித்தானியாவின் அறிவிப்பு வந்தது. அந்த வருடம் சித்திரைப் புத்தாண்டுக்கு நான் போன் எடுத்தபோது அக்கா சொன்னா: "இனி ஒப்பந்தம் ஆறு மாசத்துக்குத்தானாம். காசு தாற நாடுகள் குறைச்சுப்போட்டினமாம். எங்கட குழுவில அரைவாசிப் பேரை நிப்பாட்டப் போகினமாம்." பிறகு ஒன்று கேட்டா: "ஏன் பிள்ளை, அங்க அவைக்கு என்ன கஷ்டம்?"

என்னிடம் பதில் இல்லை. 13 வருடம் மண்ணில் முழங்காலில் இருந்தவவுக்கு நேட்டோவின் சதவீதக் கணக்கை எப்படி விளக்குவது? ஆனால் கணக்கு என் தொழில். அதனால் அந்தக் கணக்கை நான் உட்கார்ந்து படித்தேன்.

படித்த பிறகு முதலில் விளங்கியது, இந்தச் சதவீதம் நேட்டோவுக்குக் கட்டுகிற சந்தா இல்லை என்பது. ஒவ்வொரு நாடும் தன் சொந்தப் படைக்குச் செலவழிப்பதைத்தான் அது அளக்கிறது. நேட்டோவுக்கென்று உண்மையாகவே ஒரு பொது நிதி இருக்கிறது. தலைமையகம், கூட்டுக் கட்டளை அமைப்புகள், வான்காவல் போன்றவற்றுக்கு. 2025இல் அது 460 கோடி யூரோ அளவு. உறுப்பு நாடுகளின் மொத்தப் பாதுகாப்புச் செலவில் 0.3 சதவீதம்தான். அதை ஒவ்வொரு நாட்டின் வருமானத்தைப் பார்த்துப் பிரிக்கிறீர்கள். அந்த ஆண்டில் அமெரிக்காவும் ஜெர்மனியும் ஆளுக்கு 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும் பிரித்தானியா சுமார் 11 சதவீதமும் தந்தன. அது எழுதி வைத்த விதி. அதில் சண்டை அதிகம் இல்லை. மேடைகளில் சண்டை நடப்பது முழுக்க அந்தச் சதவீதக் கணக்கைப் பற்றி. யாரோ யாருக்கோ கடன் வைத்திருப்பது போலப் பேசப்படுகிறது. அப்படி ஒரு கடன் எந்த ஏட்டிலும் இல்லை.

2014இல் வேல்ஸ் மாநாட்டில், பத்து ஆண்டுகளுக்குள் 2 சதவீதத்தை நோக்கி நகர்வோம் என்று உறுதி கொடுத்தீர்கள். அப்போது அந்தக் கோட்டைத் தாண்டியிருந்தவை அமெரிக்கா, பிரித்தானியா, கிரேக்கம் ஆகிய மூன்றும். ஆனால் கிரேக்கத்தின் செலவில் மிகப் பெரும் பகுதி சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் போனது. பிரித்தானியா 2015இல் போர் ஓய்வூதியம் போன்ற சிலவற்றைப் புதிதாகச் சேர்த்துத் தன் 2 சதவீதத்தைக் காப்பாற்றியது. விதி அதை அனுமதித்தது. ஆனால் அந்தச் சேர்க்கையால் ஒரு கப்பலும் கூடவில்லை, ஒரு சிப்பாயும் கூடவில்லை. மறுபக்கத்தில் டென்மார்க்கைப் பாருங்கள். உங்கள் ஒப்பந்தத்தின் 5ஆம் பிரிவு, அதாவது ஒருவர் மீதான தாக்குதல் எல்லோர் மீதான தாக்குதல் என்பது, வரலாற்றில் ஒரே ஒரு தடவைதான் நடைமுறைக்கு வந்தது. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு, அமெரிக்காவுக்காக. அதன்பின் ஆப்கானிஸ்தானில் டென்மார்க் 40க்கும் மேற்பட்ட படையினரை இழந்தது. அப்போது 60 இலட்சம் பேர்கூட இல்லாத நாட்டுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு! அந்த ஆண்டுகளில் டென்மார்க்கின் செலவு 2 சதவீதத்தை எட்டவில்லை. உங்கள் அட்டவணையில் அப்போது அது பங்கைச் செலுத்தாத நாடாக இருந்தது. ஐஸ்லாந்துக்கு நிலையான இராணுவமே இல்லை. ஆனாலும் 1949இல் கையெழுத்திட்ட 12 நாடுகளில் அதுவும் ஒன்று. கடலின் நடுவில் அது இருக்கும் இடமே அது தருகிற பங்கு.

இதை நான் புதிதாகக் கண்டுபிடித்துச் சொல்லவில்லை. பணம், படைவலு, பங்கேற்பு ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும் என்று உங்கள் ஆவணங்களே சொல்கின்றன. பிறகு மாநாட்டு மேடைக்கு வந்ததும் முதலாவது மட்டும்தான் பேசப்படுகிறது.

எங்கள் ஊரில் பங்குக் கிணறு என்று ஒன்று உண்டு. நாலைந்து குடும்பத்துக்கு ஒரே கிணறு. காணி உறுதியில் ஆளாளுக்கு இத்தனை பங்கு என்று எழுதியிருக்கும். வருடத்தில் ஒரு தடவை, கோடையில் தண்ணீர் வற்றும்போது, கிணற்றைக் கலக்கி இறைத்துச் சேறு அள்ள வேண்டும். அந்தச் செலவை எப்படிப் பிரிப்பது என்று ஐயா வீட்டு விறாந்தையில் பேசுவார்கள். சின்னவளாக அதை நான் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். கூடுதல் பரப்புத் தோட்டம் உள்ளவர் கூடுதல் காசு தருவார். காசில்லாதவர் கிணற்றுக்குள் இறங்கிச் சேறு அள்ளுவார். இறங்குவதுதான் ஆபத்தான வேலை, அதை எல்லோரும் அறிவார்கள். புருஷன் இல்லாத ஒரு மாமி இருந்தா. அவ அன்றைய மத்தியானச் சாப்பாட்டைச் சமைத்துத் தருவா. மூன்றும் பங்காகவே எண்ணப்பட்டது. சண்டை வராமல் இருந்ததில்லை. நன்றாகவே வரும். ஆனால் ஒன்று நடந்ததில்லை. அந்தக் கிணற்றில் பங்கில்லாத, குடிக்க மட்டும் ஒரு வாளி அள்ளிப்போகும் அயல்வீட்டின் வாளியை வாங்கி விற்று யாரும் தன் பங்கைக் கட்டியதில்லை.

நீங்கள் செய்திருப்பது அது. மேசையில் இருக்கும் 32 பேரும் யார் எவ்வளவு தர வேண்டும் என்று பேசினீர்கள். தந்தது மேசையில் இல்லாதவர்கள். முகமாலையில் வேலை போகும் பெண்களுக்கு அந்த மாநாட்டில் கதிரை இல்லை, வாக்கு இல்லை. அவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை. பிரித்தானியா மட்டும் என்றும் நினைக்க வேண்டாம். அதே காலத்தில் ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, பெல்ஜியம் எல்லாமே உதவிப் பணத்தை வெட்டின. அமெரிக்கா தன் உதவி நிறுவனத்தையே 2025 ஜூலையில் மூடிவிட்டது. எல்லா வெட்டுக்கும் படைச் செலவுதான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பிரித்தானியா அதைத் தன் வாயாலேயே சொன்னது. பிரித்தானியாவின் உதவிப் பணத்தில் இன்னொன்றும் இருக்கிறது. 2024இல் அதில் ஐந்தில் ஒரு பங்கு இந்த நாட்டுக்குள்ளேயே, புகலிடம் கேட்டு வந்தவர்களைத் தங்கவைக்கச் செலவானது. 0.3 சதவீதத்தில் அதையும் கழித்த பிறகு வெளியே போவது என்ன?

நீங்கள் சொல்லக்கூடிய பதில் எனக்குத் தெரியும். ரஷ்யா உக்ரைனுக்குள் வந்துவிட்டது, அடுத்தது யார் என்று தெரியாது, பணம் வானத்திலிருந்து விழாது. அந்தப் பயத்தை நான் லேசாக எடுக்கவில்லை. ஷெல் விழும் சத்தத்தைக் கேட்டு வளர்ந்தவள் நான். பதுங்குகுழிக்குள் அம்மா எங்கள் காதைப் பொத்திக்கொண்டு இருந்த இரவுகள் எனக்குள் இன்னும் இருக்கின்றன. எஸ்தோனியாவிலும் லித்துவேனியாவிலும் ஒரு தாய் அப்படி இருக்கக் கூடாது என்பதற்காக நான் கூடுதல் வரி கட்ட வேண்டுமென்றால் கட்டுகிறேன். இதை மனதார எழுதுகிறேன். என்னிடம் கேளுங்கள். அக்காவிடம் எடுக்காதீர்கள்.

வேறு வழி இல்லை என்பதும் சரியில்லை. 2025 மார்ச்சில் ஜெர்மனி தன் அரசியல் சட்டத்தையே திருத்தி, உற்பத்தியில் 1 சதவீதத்துக்கு மேற்பட்ட பாதுகாப்புச் செலவைக் கடன் வரம்பிலிருந்து விலக்கியது. அதன் நன்மை தீமையை அந்த நாட்டு மக்கள் பேசட்டும். ஆனால் கடன், வரி, வேறு செலவு என்று வழிகள் இருக்கின்றன என்பதை அது காட்டுகிறது. ஸ்பெயின் பிரதமர் பெத்ரோ சாஞ்செஸ், தங்கள் படைக்கு ஒப்படைக்கப்பட்ட பணிகளை 2.1 சதவீதத்திலேயே செய்ய முடியும் என்று நின்றார். அவரோடு நீங்கள் உடன்பட வேண்டியதில்லை. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி நியாயமானது. எதைச் செய்யப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்து பிறகு அதற்கு என்ன செலவு என்று பார்ப்பதா, அல்லது முதலில் ஒரு எண்ணைப் பிடித்துக்கொண்டு பிறகு அதை நிரப்புவதா?

அந்த நிரப்புதலைப் பற்றித்தான் கணக்கு வேலை செய்பவளாக என் பெரிய கவலை. 5 சதவீதத்தில் 3.5 நேரடிப் படைச் செலவு. மீதி 1.5 என்பது முக்கியக் கட்டமைப்புகளைக் காப்பது, கணினி வலையமைப்புகளைப் பாதுகாப்பது, நெருக்கடிக்கு மக்களைத் தயார்ப்படுத்துவது, ஆயுதத் தொழிலை வளர்ப்பது ஆகியவற்றுக்கு. அந்த வாசலின் அகலம் பெரிது. இத்தாலியில் சிசிலிக்குப் போகக் கட்டத் திட்டமிட்ட மெசினா பாலத்தைக்கூட இதில் சேர்க்கலாமா என்ற பேச்சு எழுந்தது. பிரித்தானியா 2025 ஜூனில், 2027இலேயே 4.1 சதவீதத்தை எட்டிவிடுவோம் என்று அறிவித்தது. உளவு அமைப்புகளையும் சேர்த்து 2.6 பாதுகாப்புக்கு, 1.5 மற்றவற்றுக்கு. அதாவது அந்த 1.5க்குப் பெரும்பாலும் புதுப் பணம் தேடவில்லை. ஏற்கெனவே செய்துவரும் செலவுகளுக்கு அந்தத் தலைப்பில் இடம் கிடைத்தது.

இதைப் படித்தபோது எனக்குக் கோபத்தைவிடக் கவலைதான் வந்தது. ஒரு பாலத்துக்கு இடமிருக்கிறது, இங்குள்ள கம்பிகளுக்கும் குழாய்களுக்கும் இடமிருக்கிறது. போர் முடிந்த நிலத்திலிருந்து வெடியை எடுத்து ஆட்களைக் குடியேற்றும் வேலைக்கு ஏன் இடமில்லை? அது பாதுகாப்பு இல்லையா? உங்கள் ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவே நிலைத்தன்மைக்கும் நல்வாழ்வுக்கும் ஏற்ற சூழலை வளர்ப்பது பற்றிப் பேசுகிறது. 1949இல் அதை எழுதியவர்கள் டாங்கியை மட்டும் நினைத்து எழுதவில்லை. குடியேற முடியாத ஊரிலிருந்து ஆட்கள் எங்கே போவார்கள் என்று என்னைக் கேளுங்கள். ஹரோவில் என் தெருவிலேயே காட்டுகிறேன்.

(2025இல் எஸ்தோனியா, லத்வியா, லித்துவேனியா, போலந்து, பின்லாந்து ஆகிய ஐந்து உறுப்பு நாடுகள் மிதிவெடித் தடை உடன்படிக்கையிலிருந்து விலக முடிவெடுத்தது என்னை வேறு விதமாக வருத்துகிறது. அது தனியே எழுத வேண்டியது. ஆனால் புதைப்பது ஒரு நாள் வேலை, எடுப்பது ஒரு தலைமுறையின் வேலை என்பதை அவர்கள் முகமாலைக்கு வந்து பார்த்துவிட்டு முடிவு செய்திருக்கலாம்.)

இனி நான் கேட்பவை.

ஹேக் முடிவின்படி ஒவ்வொரு நாடும் ஆண்டுதோறும் தன் திட்டத்தைச் சமர்ப்பிக்க வேண்டும். அந்தத் திட்டத்தில் ஒரு வரி சேருங்கள்: கூடிய பணம் எந்தச் செலவைக் குறைத்து அல்லது எந்த வரியைக் கூட்டி வந்தது. அதைப் பொதுமக்கள் பார்க்கும்படி வெளியிடுங்கள். எங்கள் சின்னப் பாடசாலையிலேயே ஒரு தலைப்பிலிருந்து இன்னொன்றுக்குப் பணம் மாற்றினால் காரணம் எழுதிக் கையெழுத்து வைக்க வேண்டும். 32 அரசுகளுக்கு அது பெரிய வேலையாக இருக்காது.

உதவிப் பணத்தை வெட்டி எடுத்த தொகையை எந்த நாட்டின் பங்காகவும் ஏற்கமாட்டோம் என்று 2026 ஜூலையில் அங்காராவில் கூடும்போது முடிவெடுங்கள். முழுமையாக முடியாவிட்டால், அப்படி வந்த தொகையை அட்டவணையில் தனியே காட்டுங்கள்.

1.5 சதவீதத்தில் எது சேரும் எது சேராது என்று தெளிவான பட்டியல் வேண்டும். அந்தப் பட்டியலில் கண்ணிவெடி அகற்றுவதையும் போர் முடிந்த பகுதிகளில் மக்களை மீளக் குடியமர்த்துவதையும் சேருங்கள். அது உறுப்பு நாட்டுக்குள் நடந்தாலும் வெளியே நடந்தாலும்.

2029இல் இந்த இலக்கை மீளாய்வு செய்வதாகச் சொல்லியிருக்கிறீர்கள். அந்த மீளாய்வில் சதவீதத்தோடு நிறுத்த வேண்டாம். படைவலுவையும் பங்கேற்பையும் உயிரிழப்பையும் அகதிகளுக்கு இடம் கொடுத்ததையும் அதே தாளில் அதே அளவு எழுத்தில் அச்சிடுங்கள். சேறு அள்ளியவரின் பங்கும் ஏட்டில் ஏற வேண்டும்.

பிரித்தானியப் பிரதமரிடம் தனியாக இரண்டு. உதவிப் பணம் 0.7 சதவீதமாக இருக்க வேண்டும் என்ற 2015ஆம் ஆண்டுச் சட்டம் இன்னும் இந்த நாட்டின் சட்டம்தான். அதற்கு எந்த ஆண்டில் திரும்புவோம் என்று நாடாளுமன்றத்தில் ஒரு திகதி சொல்லுங்கள். அதுவரைக்கும், மீதமிருக்கும் 0.3 சதவீதத்திலிருந்து கண்ணிவெடி அகற்றும் பணிகளுக்கான தொகையைக் குறையாமல் ஒதுக்கி வையுங்கள். ஒப்பந்தங்களை ஆறு மாதம் ஆறு மாதமாகக் கொடுக்காமல், குறைந்தது மூன்று ஆண்டுக்குக் கொடுங்கள். பாதி துப்புரவாக்கிய நிலத்தில் பலகையை மறுபடி நட்டுவிட்டுப் போகிற நிலை அந்தப் பெண்களுக்கு வரக் கூடாது.

இதற்கு எழுத்தில் பதில் வேண்டும். ஆங்கிலத்தில் வந்தால் போதும், அக்காவுக்கு நான் வாசித்துச் சொல்வேன்.

இப்படிக்கு,
பளையில் பிறந்து ஹரோவில் வரி கட்டும் ஒருத்தி